ஐந்து அமாவாசைக்கு ஒரு பாஸ்

"சீக்கிரம் சொல்லுங்க மேடம்… அஞ்சு மணியோட பாஸ் விற்பனை முடியுது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குரல் கேட்டுக் கீர்த்தி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு நாற்பது. காஞ்சிபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தச் சுற்றுலா அலுவலகத்தில் அரைமணி நேரமாக ஒரே நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நாள் பாஸ். ஐந்து ஊர். ரயிலும் அதிலேயே சேர்த்தி, ஊர் சுற்றிக்காட்டும் வேனும் அதிலேயே சேர்த்தி.

வாங்கலாமா… வேண்டாமா?

அம்மா கிருஷ்ணம்மாள் இதுவரை கடலையே பார்த்ததில்லை. தறியை விட்டு நகராத அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் கீர்த்திக்கு இரண்டு மாதம் ஓடிவிட்டது. "நீயே பாத்துச் செய்மா" என்று கடைசியில் சொல்லிவிட்டார். இதில் ஏதாவது சொதப்பினால் அவ்வளவுதான்… அவர் இனி வாசலைத் தாண்ட மாட்டார். அம்மாவின் ஆசையும் அதோடு போச்சு!

"மூணு பேருக்குப் போடுங்க," என்றாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் உடனே போடவில்லை. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ஜோசுவா என்றிருந்தது. "எப்போ கிளம்புறீங்க?"

"வர்ற அமாவாசைக்கு மெட்ராஸ்… கடல் பாக்க. அடுத்த அமாவாசைக்கு வேலூர். அப்புறம் திருவண்ணாமலை…"

அவன் நிமிர்ந்தான். அகலமான கண்கள்… அவற்றில் குறும்பு எட்டிப் பார்த்தது. "அமாவாசைக்கு அமாவாசையா?"

"அன்னிக்குத்தானே தறிக்கு லீவு? அஞ்சு நாள்னா அஞ்சு அமாவாசை!"

பொசுக்கென்று சிரித்துவிட்டான். "இது உங்களுக்கு வேணாங்க."

கீர்த்திக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்? எங்களைப் பாத்தா வாங்குற ஆளாத் தெரியலையா? பணம் எடுத்துக்கினுதான் வந்திருக்கேன்!"

"ஐயோ, அப்டி இல்லமா! அஞ்சு நாளும் தொடர்ச்சியா போவணும். மொத நாள் ஏறிட்டீங்கன்னா, அஞ்சாம் நாளோட பாஸ் காலி. கீழ பொடி எழுத்துல போட்டிருக்குது பாருங்க."

பார்த்தாள். இருந்தது. அப்பா ஐந்து நாள் சேர்ந்தாற்போல் தறியை நிறுத்துவதாவது! கண்ணில் நீர் முட்டியது. இவன் முன்னாலா அழ வேண்டும்… அவமானம் பிடுங்கித் தின்றது.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அவசரமாக ஒரு தாளில் எழுதி நீட்டினான். "அமாவாசை காலைல பீச் ட்ரெயின் புடிங்க. சாதா டிக்கெட்டே போதும். கடலைப் பாத்துட்டு அன்னிக்கே வூட்டுக்கு வந்துரலாம்."

தாளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு மழையில் இறங்கினாள். நன்றிகூடச் சொல்லவில்லை.

அந்த அமாவாசையன்று அம்மா அலையில் நின்று சின்னப் பிள்ளையாய்க் கத்தினாள். அப்பா முழங்கால்வரை நனைந்துகொண்டு, "அடுத்த மாசம் எங்கமா?" என்றார். கீர்த்திக்கோ கடல் பாதிதான் தெரிந்தது. மீதியில் அந்தக் கண்கள்… சே, என்ன நினைத்திருப்பான்!

மறுவாரம் மன்னிப்புக் கேட்கப் போனாள். "பரவால்லமா" என்று வேலூருக்கு வழி எழுதித் தந்தான். அடுத்து திருவண்ணாமலை. அப்புறம் புதுச்சேரி. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஊர்தான் எழுதினான். ஒவ்வொரு தடவையும் பேச்சு மட்டும் நீண்டது. வாலாஜாபாத்திலிருந்து தினம் வருகிறான், அம்மாவுக்கு ஒரே மகன்… எல்லாம் தெரிந்துகொண்டாள்.

ஐந்தாவது மாமல்லபுரம். அதற்கப்புறம் இங்கே வர என்ன சாக்கு? அந்த நினைப்பிலேயே அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

தாளை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இதோட அஞ்சு ஊரும் முடிஞ்சிச்சு இல்ல?"

"முடிஞ்சிச்சு."

"அன்னிக்கே எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதியிருக்கலாமே?"

அவன் பேனாவை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான். "எழுதியிருந்தா… நீங்க திரும்பி வந்திருப்பீங்களா கீர்த்தி?"

மேடம் எங்கே போச்சு? காதெல்லாம் சூடானது.

"பயமா இருக்குதுங்க," என்றாள் மெதுவாக. "நீங்க வேற, நாங்க வேற… அப்பா என்ன சொல்வாரோ…"

"எனக்கும்தான். எங்கம்மாகிட்ட இன்னும் வாயே தொறக்கல." அவன் குரல் உடைந்தது. "வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

கீர்த்தி தலையை நிமிர்த்தி முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"எங்கப்பாகிட்ட இன்னிக்கே பேசுறேன். அமாவாசைக்கு அமாவாசை உங்களைப் பாக்குறது… எனக்குப் பத்தலங்க."