எய்னாரி தாத்தாவின் வளைவு

எய்னாரி தாத்தாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் ஹில்மாவுக்கும் அவள் அம்மாவுக்கும் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

பின்லாந்துக் காட்டுப் பாதைகளில் கோடைதோறும் கார்ப் பந்தயம் நடக்கும். ஹில்மாவின் ஊரில் அந்தப் பாதையில் பாதி எய்னாரி தாத்தாவின் நிலத்தில் ஓடியது. அவர் தலையாட்டாவிட்டால் பந்தயம் வேறு ஊருக்குப் போய்விடும். அதனால் பனி உருகத் தொடங்கியதுமே அம்மாவும் மகளும் ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தார்கள். அவர் ரொட்டி தின்பார், காப்பி குடிப்பார், மழையைப் பற்றிப் பேசுவார். பாதையைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். வசந்தமே முடிந்த பிறகுதான், "சரி, ஓட்டிக்கோங்க" என்றார்.

ஹில்மாவின் அம்மா துலிக்கிதான் பந்தயத்துக்கு ஊர்ப் பொறுப்பாளர். சம்பளம் யாருக்கும் கிடையாது. தபால்காரர் பாதையோரம் தடுப்பு நாடா கட்டினார். பல் மருத்துவர் முதுகு வலிக்கப் பலகை சுமந்தார். பந்தயம் பார்க்க வருபவர்களுக்குச் சாசேஜ் என்னும் இறைச்சிக் குழல் சுட்டு விற்று வரும் காசில், பிள்ளைகள் பனிச்சறுக்கும் பாதைக்கு விளக்குப் போடுவதாகத் திட்டம். குளிர்காலத்தில் இருட்டில் சறுக்கி மரத்தில் முட்டிக்கொண்ட ஹில்மாவுக்கு அந்த விளக்கு கட்டாயம் வேண்டும்.

பந்தய நாளன்று அவள் ராய்மோ மாமாவுடன் ஒரு வளைவில் நின்றாள். மாமாதான் அங்கே காவல். வளைவின் வெளிப்பக்கத்தைச் சிவப்பு வெள்ளை நாடா கட்டி அடைத்திருந்தார்கள். அங்கே யாரும் நிற்கக் கூடாது.

எய்னாரி தாத்தா விருந்தாளிகளோடு வந்தார். நாடாவைத் தூக்கினார். சரியாக அந்த இடத்திலேயே நாற்காலிகளைப் போட்டார். பேரன் நீலோவை எல்லோருக்கும் முன்னால் ஒரு பெட்டிமேல் உட்கார வைத்தார். நீலோவுக்கு ஐந்து வயது.

ஹில்மா ஓடினாள். "தாத்தா, இங்க உக்காரக் கூடாது. கார் வழுக்குச்சுன்னா நேரா இங்கதான் வரும்."

"இது யாரு நிலம், பாப்பா?"

"உங்க நிலம்தான். ஆனா காருக்கு அது தெரியாதே!"

விருந்தாளிகள் சிரித்தார்கள். தாத்தா சிரிக்கவில்லை.

"அந்த மேட்டுலேருந்து இன்னும் நல்லாத் தெரியும், தாத்தா. நாற்காலிய நானே தூக்கிட்டு வரேன்."

"நான் சரின்னு சொன்னதாலதான் இங்க காரே ஓடுது. எனக்கே இடம் காட்ட வந்துட்டியா? போ, போய் சாசேஜ் வித்துப் பொழைக்கிற வழியப் பாரு."

ஹில்மாவின் காது சிவந்துவிட்டது. அவள் மாமாவிடம் போனாள்.

"விடு ஹில்மா. அவருக்குக் கோவம் வந்தா அடுத்த வருஷம் பந்தயமே கிடையாது" என்றார் மாமா.

"நீலோ உக்காந்திருக்கான், மாமா."

"இத்தனை வருஷத்துல ஏதாவது ஆகியிருக்கா? ஒண்ணும் ஆகாது." அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

முன்னோடிக் காரின் சத்தம் கேட்டது. போட்டிக் கார்களுக்கு முன்னால் வந்து, பாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கார் அது. மாமா எல்லாம் சரி என்று கட்டைவிரலை உயர்த்தினார்.

ஹில்மா நீலோவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பாதையோரத்துக்கு வந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தாள். நிறுத்து என்று அர்த்தம்.

கார் நின்றது. அதிலிருந்த பெண் அதிகாரி இறங்கி நாற்காலிகளைப் பார்த்தார். எழுந்துகொள்ளச் சொல்லிக் கேட்டார். எய்னாரி தாத்தா நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"என் நிலத்துல நான் உக்காருவேன்!"

அதிகாரி வாக்கி-டாக்கியை எடுத்தார். "இந்தப் பாதையில பந்தயம் ரத்து."

போட்டிக் கார்கள் கல்யாண ஊர்வலம் மாதிரி மெதுவாகப் போயின. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. எய்னாரி தாத்தா, "இனிமே என் பாதையில ஒரு சைக்கிள்கூட ஓடாது!" என்று கத்திவிட்டுப் போனார். எப்போதும் ஹில்மாவைக் கேலி செய்யும் தபால்காரர், அவளைப் பார்க்காமலே நாடாவைச் சுருட்டினார். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

சாசேஜ் சுடும் அடுப்புப் பக்கம் அம்மா தனியாக நின்றிருந்தாள்.

"எல்லாம் என்னாலதாம்மா" என்றாள் ஹில்மா.

"இல்ல. காலையில அவர் நாற்காலி தூக்கிட்டுப் போறத நான் பாத்தேன். எங்க போடுவாருன்னும் தெரியும். பேசாம காப்பி ஊத்திக் குடுத்துட்டு வந்துட்டேன்."

ஹில்மா அம்மாவையே பார்த்தாள். "எனக்கு உன்மேல கோவமா இருக்கு."

"இருக்கட்டும்" என்று அம்மா ஒரு சாசேஜைத் தட்டில் வைத்தாள். "சாப்பிட்டுக்கிட்டே கோவப்படு. மலை மாதிரி மிஞ்சிக் கெடக்கு."

அப்போது நீலோ வந்தான். அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"உன்னாலதான் ஒரு கார்கூட வேகமாப் போகல! நீ ரொம்ப மோசம்!"

நாக்கை நீட்டிக் காட்டினான். ஒரு கல்லை எட்டி உதைத்துவிட்டு ஓடினான்.

அவன் ஓடுவதையே ஹில்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு காலும் நன்றாகத்தான் ஓடின.

அவள் இன்னொரு சாசேஜ் கேட்டு வாங்கிக்கொண்டாள்.