சிவக்க மறுத்த குடுவை

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் புகார்களை விசாரிப்பவர் மெரே ரபாட்டா. வேதியியல் முனைவர் பட்ட மாணவி பிரையர் அழுத கண்ணோடு அவர் அறைக்குள் நுழைந்தாள்.

"கோடையில என் குடுவையில இருந்த கலவை செக்கச்செவேல்னு சிவந்துச்சு. இப்ப ஒரு மாசமா வெறும் தண்ணி மாதிரி கிடக்கு. நான் புளுகினேன்னு பேசிக்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள மறுபடி செஞ்சு காட்டலேன்னா என் ஆய்வேட்டை வாங்கிக்க மாட்டாங்களாம்."

மெரே நிதானமாகத் தேநீரைக் குடித்து முடித்தார். அதற்குள் உதவியாளன் ஃபெர்கஸ் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அவனுக்கு எல்லா வழக்கும் கொலை வழக்குதான்.

பிரையரின் மேசை ஆய்வகத்தின் வடக்கு ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னலை மறைத்து நீலமும் பொன்னிறமுமாக ரக்பி அணியின் கொடி. பக்கத்து மேசை லாக்லன் ஒவ்வொரு சீசனிலும் கட்டுவது. அந்த ஊரில் அதைத் தொட யாருக்கும் துணிச்சல் கிடையாது. கொடிக்குக் கீழே, தொட்டியில் புதினாச் செடி வெளிறிக் கிடந்தது.

"யாரோ மருந்தைக் கொட்டியிருக்காங்க! செடியும் காலி, குடுவையும் காலி!" ஃபெர்கஸ் துள்ளினான். அவன் பார்வை லாக்லன்மேல் விழுந்தது.

"டேய், என்னை ஏன் முறைக்கிற? அவளுக்குத் தினமும் இறைச்சி அடைச்ச பலகாரம் வாங்கிட்டு வர்றதே நான்தான்."

மெரே செடியைத் தொட்டுப் பார்த்தார். "மருந்து பட்டா இலை கருகும். இது கருகல. தண்டு நீண்டு, கொடி ஓரத்து இடுக்கைப் பாத்து வளர்ந்திருக்கு. எப்ப வெளிற ஆரம்பிச்சது?"

"அதுவும் ஒரு மாசமாத்தான்," என்றாள் பிரையர்.

"அப்ப ஃபெர்கஸ் சொன்னது பாதி சரி. ரெண்டுக்கும் குற்றவாளி ஒண்ணுதான். பூமியோட தென்பாதியில இருக்கற நம்ம பக்கம் வெயில் வடக்கேயிருந்து வரும். கோடையில அது நேரா உன் குடுவைமேல விழுந்துச்சு. வெளிச்சம்தான் அதைச் சிவக்க வெச்சுது. உனக்கே தெரியாததால செய்முறையில நீ அதை எழுதல. சீசன் வந்துச்சு, கொடி ஏறுச்சு, வெளிச்சம் போச்சு."

பிரையர் கொடியை அவிழ்த்தாள். லாக்லன் கண்ணை மூடிக்கொண்டான். புதிதாகக் கலந்த குடுவையை வெயிலில் வைத்துவிட்டு, நால்வரும் லாக்லன் வாங்கி வந்திருந்த இறைச்சிப் பலகாரத்தைப் பங்கு போட்டுத் தின்றார்கள். தின்று முடிப்பதற்குள் குடுவையின் ஓரம் ரோஜா நிறமானது. பிறகு முழுவதும் சிவந்தது. பிரையருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆய்வேடு பிழைத்தது மட்டுமல்ல, அதற்கு ஓர் அத்தியாயமும் கூடியது.

"சனிக்கிழமை மேட்ச். ஜன்னல்ல கொடி இல்லாம எங்க பசங்க தோத்துட்டா?" லாக்லன் முனகினான்.

பிரையர் கொடியை உதறித் தன் தோளில் போர்த்திக்கொண்டாள். "சனிக்கிழமை வரைக்கும் இங்கேதான்டா இருக்கும்."