ருசி பார்க்க வந்த பேராசிரியர்

காலையில் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய்த் தேநீர் ருசி பார்த்துவிட்டு வந்த பேராசிரியர் ராதாகிருஷ்ணன், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தோட்டத்துப் பங்களாவில் பிணமாகக் கிடந்தார். விஷம் என்றார் டாக்டர். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஒரு பொட்டுக் கண்ணீர் விழவேண்டுமே, ஊஹூம்!

ஏன் விழும்? இதே லைனில் பிறந்து, புள்ளியியல் படித்து, பல்கலைக்கழகப் பேராசிரியராகி, அரசு தரும் டத்தோ பட்டம்வரை ஏறியவர். அந்த ஏற்றத்துக்கு முதல் படி ஓர் ஆய்வறிக்கை. களைக்கொல்லி அடித்த பெண்கள் எட்டுப் பேர் அடுத்தடுத்துச் செத்தபோது, மருந்தின்மேல் குற்றமில்லை என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். வழக்கு படுத்துவிட்டது. செத்தவர்களின் பிள்ளைகள் இன்றும் இதே தோட்டத்தில்தான் வயிற்றைக் கழுவுகிறார்கள்.

அந்த எட்டில் ஒருத்தி சின்னையாவின் மனைவி. "அந்த ஆளு இனி இங்க கால வச்சா உசிரோட திரும்ப மாட்டான்" என்று ஊரறியக் கத்தியவர் அவர். தொழிற்சாலையில் கோப்பை கழுவும் எடுபிடி வேலை. அன்று பேராசிரியருக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனதும் அவரே. அப்புறம் என்ன? உடனே விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள். நிரூபணமானால் தூக்கு.

இன்ஸ்பெக்டர் ஆரிஃபாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக் கடை நடத்தும் சாகுல் ஹமீதின் மகள் அவள். மறுநாள் பங்களாவுக்குப் போனவள் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பொட்டலம். பிரிக்கவே இல்லை!

அப்படியானால் தேநீர்தான். மேனேஜர் ரஸ்லானைப் பிடித்தாள்.

"யாரெல்லாம் ருசி பாத்தீங்க?"

"நான், மலர், பேராசிரியர். ஆறு கோப்பையிலயும் மூணு பேருமே பாத்தோம் லா."

"வரிசை?"

"அவரே கலைச்சு வச்சாரு. எது எந்தத் தூள்னு யாருக்கும் தெரியக்கூடாதாம். அவர் படிப்பு அப்படி."

"தண்ணி?"

"மலர்தான் ஒரே கெட்டில்லேர்ந்து ஊத்துச்சு."

"ருசி எப்படி?"

"ஆறுமே ஒரே கசப்பு. இந்த வாட்டி கொழுந்து சரியில்லன்னு நினைச்சேன்."

ஆரிஃபா நேராக ருசி பார்க்கும் அறைக்கு நடந்தாள். ரஸ்லானும் பின்னால் வந்தார். அங்கே தலைமை ருசிக்காரி மலர் நின்றிருந்தாள். கெட்டிலும் கோப்பைகளும் பளபளவென்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"யாரு கழுவினது?"

"நான்தான், நேத்தே."

மூலையில் ஒரு வாளி நின்றது. அதில் பாதிவரை பழைய தேநீர், குப்பென்று வாடை.

"இது?"

"துப்புற வாளி. ருசி பாக்குறவங்க முழுங்க மாட்டோம். வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிருவோம்." மலர் மூக்கைச் சுளித்தாள். "அதை ஊத்துறது சின்னையா வேலை."

"பேராசிரியரும் துப்பினாரா?"

மலர் கவிழ்த்த கோப்பைகளை மறுபடி அடுக்கத் தொடங்கினாள். ரஸ்லான்தான் சொன்னார். "இல்லியே. 'எங்கம்மா கிள்ளின கொழுந்து, துப்புறதா'ன்னு முழுங்கினாரு. போன வருசம் வந்தப்பவும் இதே பேச்சுதான் லா."

ஆரிஃபா வாளியை மூடி முத்திரை வைத்துச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் மலரை அதே அறைக்கு அழைத்தாள்.

"அக்கா, ஒரு கோப்பையில விஷம் வச்சா அது யாருக்குப் போகும்னு சொல்ல முடியாது. அதனால கெட்டில்லயே கலந்துட்டீங்க. மூணு பேர் வாய்க்குள்ளயும் விஷம் போச்சு. நீங்களும் மேனேஜரும் துப்பிட்டீங்க, அவரு முழுங்குனாரு. ஒருநாளும் கழுவாத நீங்க அன்னைக்கு கெட்டில், கோப்பை எல்லாத்தையும் கழுவினீங்க. ஆனா வாளியத் தொட கை வரல. எப்பவும் போல சின்னையா ஊத்திருவாருன்னு விட்டுட்டீங்க. அவருதான் லாக்கப்புல இருந்தாரே! வாளி பூரா விஷம், அக்கா."

மலரின் கண்ணில் அனல் பறந்தது.

"ஆமா, நான்தான் கலந்தேன்! எட்டுப் பேரு செத்தது தற்செயல்னு எழுதிக் குடுத்தான் அந்தப் படுபாவி. அதுல ஒருத்தி எங்கம்மா மணியம்மா. எங்கம்மா சாவ வித்துதானே பட்டம் வாங்கினான்? இவன் சாவையும் தற்செயல்னு ஒன்பதாவதா எழுதிக்குங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல!"

ஆரிஃபாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"எழுதிக்கிறேன். பத்தாவதா யாரு, சின்னையாவா? அவரு பொண்டாட்டியும் உங்கம்மாவும் ஒரே மருந்துல செத்தவங்கதானே? நீங்க பண்ணினதுக்கு அவரு தூக்குல தொங்கட்டும்னு வாய மூடிக்கிட்டு நின்னீங்களே அக்கா, அந்தப் பேராசிரியரு வேற என்ன செஞ்சாரு?"

அதுவரை நிமிர்ந்து நின்ற மலர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.