சடையனின் சீட்டு

கோட்டும் டையுமாக வையாபுரி, தீவின் தலைநகரான போர்ட் லூயிஸின் அந்தப் பழைய ஆவணக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது மழை இன்னும் பிடிக்கவில்லை. 1958-ஆம் வருஷம். தன் கொள்ளுத்தாத்தா பாண்டிச்சேரியிலிருந்து சொந்தச் செலவில் கப்பலேறி வந்த முத்து வியாபாரி என்று ஊரெல்லாம் அளந்து வைத்திருந்தார். மகள் சிவகாமியைப் பெண் கேட்ட ரோஸ் ஹில் வீட்டாருக்கோ கூலி வம்சம் என்றாலே குமட்டும். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். இவர் அந்தக் குடைக்கு அத்தாட்சியும் தேடி வந்திருந்தார்.

குமாஸ்தா போலெட் தடித்த பதிவேட்டை விரித்தாள். "இவர்தான் மிஸ்யே, உங்க கொள்ளுத்தாத்தா. சடையன். கரும்புத் தோட்டக் கூலி," என்றாள் தீவின் கிரியோல் மொழியில்.

ஏட்டில் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு படம். வெற்றுமார்பு. கையில் எண் எழுதிய பலகை. முகம் அச்சு அசல் வையாபுரி.

"இந்தப் பிச்சைக்காரனா?"

"அந்தக் காலத்துல இந்தச் சீட்டு இல்லாம கூலிங்க ரோட்டுல நடக்க முடியாது, மிஸ்யே. போலீஸ் பிடிச்சு அடிக்கும்."

மழை சடசடவென்று இறங்கியது. போலெட் ஜன்னலைச் சாத்தப் போனாள். வையாபுரி சீட்டைப் பிய்த்துக் கோட்டுப் பைக்குள் செருகினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கெட்டிக்காரர்!

தெருவில் கரும்புப்பாகு தீய்ந்த வாடை.

பின்னால் ஈரமான வெறுங்கால்கள் நடந்தன.

திரும்பினார். யாருமில்லை.

வீடு திரும்பும் கியூர்பிப் பஸ்ஸில் காதோரம் ஒரு குரல் தமிழில் கெஞ்சியது.

"என் சீட்டு, சாமி..."

வையாபுரிக்குத் தெரிந்த தமிழ் கோயிலில் பாடும் தேவாரம் மட்டும்தான். ஆனாலும் இது புரிந்தது. மனுஷன் என்றால் திருப்பிக் கொடுத்திருப்பான். இவர் வீட்டுக்குப் போனதும் அடுப்பில் போட்டுக் கொளுத்தினார்.

குரல் நின்றது. கூலிப்பயல் ஒழிந்தான் என்று கை கழுவிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நிச்சயதார்த்தம். சம்பந்தியம்மாள் ருக்மணி தட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். தட்டு மாற்றுமுன் மூன்று தலைமுறையின் பெயரைச் சபையில் சொல்லவேண்டும். இந்தியாவிலிருந்து வந்த குருக்கள் கேட்டார்: "கொள்ளுத்தாத்தா பேர் என்ன?"

சோடித்து வைத்திருந்த பெயரைச் சொல்ல வையாபுரி வாயைத் திறந்தார்.

பாகு தீய்ந்த வாடை கூடத்தை நிறைத்தது.

தமிழில் ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியாத அந்த வாய் தடையில்லாமல் பேசியது.

"சடையன், சாமி. தோட்டத்துக் கூலி. சீட்டை எரிச்சுப்புட்டாங்க, சாமி. அடிக்காதீங்க."

இரண்டு கைகளும் தாமாக உயர்ந்து தலையை மறைத்துக்கொண்டன.

கூலி என்ற சொல்லை ருக்மணிக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் வீட்டுக் கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தாரோ! தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

சிவகாமிதான் முதலில் பார்த்தாள். வாசலிலிருந்து அப்பா உட்கார்ந்திருந்த பாய்வரை ஈரக் காலடிகள்.

திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.