கையின் ஞாபகம்

வடக்கு மதில் வாசலில் வெள்ளிக்கிழமைதோறும் சோதனைப் பேருந்து புறப்படும். வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் அதில் ஏறித்தான் நகரத்துக்குள் நுழைய வேண்டும். பம்பு மெக்கானிக் அருளப்பனும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஆறு மாதம் எந்த ஊரில் இருந்தான், யார் சோறு போட்டார்கள், ஒன்றும் நினைவில்லை. வாசலிலேயே நினைவுக்கழுவி எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. அது சட்டம். வலிக்கவும் இல்லை.

பயமெல்லாம் இந்தச் சோதனைக்குத்தான். என்ன பார்க்கிறார்கள் என்று சொல்லவே மாட்டார்கள். தோற்றால் ஆழக்கழுவல், வீட்டு நினைவும் சேர்ந்தே போய்விடும். போன வருஷம் அடுத்த வீட்டு சிலுவைராஜ் அப்படித் திரும்பி வந்து, பெற்ற பிள்ளையைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அருளப்பனுக்கு ஆறு வயதில் ஒரு மகள், மெர்லின். அவள் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தான்.

அடுத்த நிறுத்தத்தில் கனத்த பையோடு ஒரு பெண் ஏறினாள். இடமில்லாமல் அவன் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். வண்டி குலுங்கியது. பை தோளிலிருந்து நழுவியது.

அருளப்பனின் இரண்டு கையும் தாமாக எழுந்தன. "குடுங்க, நான் வச்சுக்கறேன்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இந்த நகரத்தில் அடுத்தவர் பையை யாரும் தொடுவதில்லை. பிறகு இதை எங்கே கற்றான்? எந்த ஊர்ப் பேருந்தில் யார் யார் அவனுடைய கருவிப்பையை வாங்கித் தங்கள் மடியில் வைத்துக்கொண்டார்களோ? தலை மறந்தாலும் கை மறக்கவில்லை.

கூரையிலிருந்த கண்காணிக் கேமரா அவன் பக்கம் திரும்பியது. தலையைச் சொறிகிற மாதிரி பாவனை செய்து, கைகளை இறக்கித் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டான். பை தொப்பென்று விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

இறங்கும்போது அந்தப் பெண்ணேதான் முத்திரை குத்தினாள். "தேறிட்டீங்க சார்."

"இதுக்கு எதுக்கும்மா ஒரு சோதனை?"

"மதிலுக்கு வெளியே ஊரைக் கடலுக்குப் பறிகொடுத்தவங்க லட்சம் பேர் நிக்கிறாங்க சார். இன்னைக்குப் பையை வாங்கற கை, நாளைக்குக் கதவைத் திறந்துவிடும்." சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே பள்ளிச் சீருடையோடு மெர்லின் காத்திருந்தாள். ஓடி வந்து, "கனமா இருக்குப்பா" என்று முதுகுப் பையைக் கழற்றி நீட்டினாள். முன்பெல்லாம் தினமும் அவன்தான் அதைச் சுமப்பான்.

அருளப்பன் முதலில் நிமிர்ந்து விளக்குக் கம்பத்தைப் பார்த்தான். அங்கும் ஒரு கண்காணி. பெற்ற மகளின் பையை வாங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று புத்திக்குத் தெரிந்தது. கைதான் எழவில்லை.

மெர்லின் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றாள். பிறகு பையைத் தானே மாட்டிக்கொண்டு, அவனை அண்ணாந்து பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, என்னை ஞாபகம் இருக்குல்ல?"