ஹார்ட்விக் ஹோட்டலின் முன்வாசல்

கோவிந்தராஜன் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது அவருடைய கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

1974 ஜனவரி. மொன்றியலில் மூன்று வாரமாக எதுவும் உருகவில்லை. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவர்கள் இருந்த மூன்றாவது மாடி வீட்டின் ஜன்னல்களில் உள்பக்கமாகவே பனி படிந்திருந்தது. மாலை நாலரைக்கே இருட்டு. ஆஸ்பத்திரி லேபிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த மனைவி அனுசூயா குக்கரை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கேங்க நனைஞ்சீங்க?"

"மழை."

"வெளியே எல்லாம் உறைஞ்சு கிடக்கு. மழை எப்படி வரும்?"

அவர் கோட்டைக் கழற்றி, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் போட்டார். சூடு ஏற ஏற அறையில் ஒரு வாசனை பரவியது. ஈர மண். விறகுப் புகை. கசக்கிய தைல இலை.

அது ஊட்டியின் வாசனை. கல்யாணமான புதிதில் மூன்று நாள் அங்கே இருந்திருக்கிறாள். மறக்கக்கூடிய வாசனை இல்லை.

ஊட்டியில் ஹார்ட்விக் ஹோட்டலைத் தெரியாதவர் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். தேக்குப் படிக்கட்டும், அறைக்கு அறை கணப்பும், ஏரியைப் பார்த்த நீண்ட வராந்தாவும். கோவிந்தராஜனின் அப்பா அங்கே முப்பத்தெட்டு வருஷம் பட்லர். குடும்பம் பின்னால், வேலைக்காரர்களுக்கான லைன் வீட்டில். முன்வாசல் விருந்தாளிகளுக்கு மட்டும். பதினொரு வயதில் ஒருமுறை, அப்பா மறந்துவிட்டுப் போன வெள்ளைக் கையுறையைக் கொடுக்க, கோவிந்தராஜன் முன்வாசல் வழியாக உள்ளே ஓடிவிட்டார். விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, அப்பாவே அவரை அறைந்தார். பிறகு வீட்டில் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாராம்: "படிச்சுப் பெரிய ஆளா வா, தம்பி. முன்வாசல்ல நானே கதவைத் திறந்துவிடறேன்."

படித்தார். மொன்றியலில் கணிதப் பேராசிரியர் ஆனார். ஹார்ட்விக்கைப் பற்றிப் பேசாமல் அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதில்லை. "அடுத்த லீவுக்குப் போய் முன்பக்க ரூம்ல தங்கணும் அனு" என்பார். ஒன்பது கோடை அப்படியே போயிற்று.

போன அக்டோபரில் தங்கையின் கடிதம் வந்தது. ஹோட்டலை இடிக்கிறார்கள். கூரையைப் பிரித்த அன்று, வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அப்பா பழைய யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு போய் முன்வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார். சாயந்தரம் வேலையாட்கள் எழுப்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

கோவிந்தராஜன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ரசம் சாதம் சாப்பிட்டார். அழவில்லை. அன்றிலிருந்து ஹோட்டலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அந்த மரத்துப்போன அமைதி மெல்ல அனுசூயாவுக்கும் தொற்றிக்கொண்டது. லேபில் மைக்ராஸ்கோப்பில் கண்ணாடித் தட்டுகளைப் பார்த்தாள், வீட்டுக்கு வந்தாள், சமைத்தாள். என்ன நினைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அடுத்த வியாழக்கிழமையும் அவர் நனைந்து வந்தார். அதற்கடுத்த வியாழக்கிழமையும்தான். அன்று வந்து சேர ஏழு மணி ஆயிற்று.

"சாப்பாடு வைக்கட்டுமா?"

"ஆச்சு."

"எங்கே?"

"மிளகுத்தண்ணி சூப். அப்பா பரிமாறினார்."

அனுசூயா கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கை நடுங்கவில்லை. நடுங்காததுதான் அவளை உறுத்தியது.

மறு வியாழன் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பல்கலைக்கழக வாசலில் காத்திருந்தாள். மூன்று மணிக்கு அவர் வெளியே வந்தார். அவர் ஏறிய பஸ்ஸின் பின்வரிசையில் அவளும் உட்கார்ந்தாள். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஷெர்புரூக் தெருவில் இறங்கி, பனியில் வழுக்காமல், தெரிந்த பாதையில் போகிறவர்போல நடந்தார்.

அங்கே ஒரு பழைய மாளிகையை இடித்து, சுற்றிலும் பலகை அடைத்திருந்தார்கள். பலகைகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி. அவர் நுழைந்தார்.

அனுசூயா அந்த இடைவெளியில் நின்று பார்த்தாள். உடைந்த செங்கல், பனி, சாம்பல் நிற வானம். கட்டடம் என்று எதுவும் மிச்சமில்லை. தெருவில் ஓடிய கார்களின் சத்தம் சட்டென்று அடங்கியது.

நடு இடத்தில் கோவிந்தராஜன் நின்றார்.

தரையில் இல்லை. மூன்று படி ஏறியவர்போல, இடுப்பளவு உயரத்தில், காற்றில்.

அவர் மேல் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது.

எங்கோ கனத்த மரக்கதவு ஒன்று திறந்தது. வெதுவெதுப்பான புகை வாசனை அவள் முகத்தில் வந்து மோதியது. கதவு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"வாங்க சார்," என்றது ஒரு குரல்.

கல்யாணத்தன்று அவளைக் 'கண்ணு' என்று கூப்பிட்ட மாமனாரின் அதே கரகரத்த குரல்.

"மேடமும் வர்றாங்களா, சார்?"

கோவிந்தராஜன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. "உள்ளே வா, அனு," என்றார் மெதுவாக. "கணப்பு மூட்டியாச்சு."

அவரோடு போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளே கதகதப்பாக இருக்கும். யாரோ சமைத்து, யாரோ பரிமாறி, யாரோ விளக்கை அணைப்பார்கள். பனியில் நாலு அடி எடுத்துவைத்தாள். ஐந்தாவது அடியில் பாதத்துக்குக் கீழே கல் படி தட்டுப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத படி.

அப்போதுதான் பயம் வந்தது. மூன்று மாதத்தில் அவள் உணர்ந்த முதல் உணர்ச்சி அதுதான்.

அவர் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மாமா," என்றாள். "அவரை விட்டுடுங்க. உங்களைப் பார்க்க வராதது தப்புதான். நானும்தான் போகலாம்னு சொல்லலை. விட்டுடுங்க, மாமா."



"சரிங்க மேடம்," என்றது குரல். "எப்ப சௌகரியமோ அப்ப வாங்க. ரூம் இருக்கும்."

கதவு சாத்திக்கொண்டது. கோவிந்தராஜன் முழங்காலளவு பனியில் விழுந்தார். டாக்சி பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வரும் வழியில் அவர் அவள் தோளில் சாய்ந்து, அக்டோபரிலேயே அழுதிருக்க வேண்டிய அழுகையை அழுதார்.

அதன் பிறகு அவர் நனைந்து வரவில்லை. ஷெர்புரூக் தெருவில் அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. இரண்டு வருஷம் எதுவும் நடக்கவில்லை.

1976 பிப்ரவரியில் ஒரு காலை, அனுசூயா டியூட்டிக்குக் கிளம்பி வீட்டுக் கதவைத் திறந்தாள். முந்தின நாள் உப்பும் சேறுமாக வாசல் மிதியடியில் விட்டிருந்த இரண்டு ஜோடி பூட்ஸும் துடைத்து, பாலீஷ் போட்டு, குதிகாலோடு குதிகால் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. தாழ்வாரத்தில் ஈ காக்கை இல்லை.

தன்னுடையதை எடுத்துத் திருப்பினாள். பழைய ஹோட்டல்களில், பாலீஷ் போட எடுத்துப்போகும் காலணிகள் மாறிவிடாமல் இருக்க, அடியில் அறை எண்ணை எழுதுவார்கள். அங்கேயும் சாக்பீஸால் எழுதியிருந்தது. 14. அவருடையதிலும் 14. அவர்கள் வீட்டுக் கதவில் இருந்த எண் 306.

"யாரு அனு?" என்று உள்ளேயிருந்து கேட்டார் கோவிந்தராஜன்.

"யாரும் இல்லீங்க."

கட்டைவிரலால் எண்ணை அழித்தாள். அழித்த விரலைப் பார்த்தாள். சாக்பீஸ் தூளோடு கறுப்பும் ஒட்டியிருந்தது.

பாலீஷ் இன்னும் காயவில்லை.