கன்னத்தில் ஒரு அட்டை

மேட்டுக்கடை நூலகத்தில் அன்றைய செய்தித்தாள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் மேல் மாயாண்டி தூங்கிக்கொண்டிருந்தார்.

மெரினா மேசைக்கு எதிரே நின்று அவரையே பார்த்தாள். கன்னத்தைப் பேப்பரில் பதித்து, வாயைத் திறந்து, நிம்மதியான தூக்கம். கன்னத்துக்குக் கீழே சிறுவர் பக்கம். அந்தப் பக்கத்தில் மெரினா வரைந்த படம்.

காலையில் அழகம்மா டீச்சர்தான் போனில் சொன்னார். “மெரினா, ஒன் படம் இன்னைக்குப் பேப்பர்ல வந்திருக்கு!”

அவள் வரைந்தது ஒரு அட்டை. மழைக்காலத்தில் தேயிலை மலையில் காலில் ஏறி இரத்தம் குடிக்குமே, அதே அட்டைதான். ஆனால் மெரினாவின் அட்டை குடை பிடித்திருந்தது.

“ஒலகத்துல வரையிறதுக்கு வேற சாமானே கெடைக்கலயா?” என்றார் அம்மா. உள்ளுக்குள் அவருக்கும் சந்தோஷம்தான். மரக்கறி வாங்க டவுனுக்கு வந்தபோது மகளையும் கூட்டிவந்தார். கடையில் பேப்பர் முடிந்துபோயிருந்தது.

“லைப்ரரியில இருக்கும். இந்தா போன். படம் புடிச்சுக்கிட்டு சட்டுனு வா. ராகலை பஸ் நமக்காக நிக்காது.”

படம் பிடிக்கத்தான் மெரினா வந்தாள். ஆனால் மாயாண்டியின் காதோரம் குடையின் நுனி மட்டும்தான் தெரிந்தது. அது போதாதென்று, அவர் வாயோரத்திலிருந்து எச்சில் துளி ஒன்று மெதுவாகப் புறப்பட்டது. அது குடையை நோக்கித்தான் வந்தது.

மெரினா நூலகர் வினோதா மிஸ்ஸிடம் ஓடினாள். ஓடியதற்கே மிஸ் முறைத்தார். யாராவது தும்மினால்கூட நிமிர்ந்து பார்ப்பவர் அவர்.

“மிஸ், அந்த மாமா பேப்பர் மேல தூங்குறாரு,” என்று மெரினா கிசுகிசுத்தாள்.

சுவரில் ஒரு பலகை தொங்கியது. ‘வாசிப்பவர்கள் மட்டுமே அமரலாம்.’ மிஸ் அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு போய் மேசையை ஒரு விரலால் தட்டினார்.

“ஐயா, வாசிக்கிறீங்களா?”

“ஆமா மிஸ்,” என்றார் மாயாண்டி, கண்ணைத் திறக்காமலே. “இப்பத்தான் ரெண்டாம் பக்கம்.”

மிஸ் திரும்பி வந்தார். “வாசிக்கிறாராம். வாசிக்கிறவர தொந்தரவு பண்ண ஏலாது.”

பக்கத்துக் கதிரையில் இக்னேசியஸ் சேர் பெருமூச்சு விட்டார். ஓய்வு பெற்ற தபாலதிபர். விளையாட்டுப் பக்கத்துக்காகக் காத்திருந்தார்.

“காலையில இருந்து அதே ரெண்டாம் பக்கந்தான். மூணாம் பக்கத்துக்கு வாற நத்தார் பண்டிகைக்குத்தான் வருவாரு.”

மெரினா பேப்பரின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தாள். சர்ரென்று கிழியும் சத்தம் வந்தது. விட்டுவிட்டாள். இருமிப் பார்த்தாள். எழுந்தது மாயாண்டி அல்ல, மிஸ்ஸின் புருவம்தான்.

எச்சில் துளி பாதி வழி வந்துவிட்டது.

மெரினா பையிலிருந்து பென்சில் டின்னை எடுத்தாள். அவர் காதருகே, மிஸ்ஸுக்குக் கேட்காதபடி, லேசாக ஆட்டினாள்.

கலகல.

“பன்னி!”

மாயாண்டி எழுந்த வேகத்தில் கதிரை கவிழ்ந்தது. “பன்னி வந்துருச்சு! ஓடியாங்கடா! ஹோய்! ஹோய்!” கைக்கு எட்டிய இரும்பு அலுமாரியை இரண்டு கையாலும் தட்டினார். கண்கள் இன்னும் மூடியே இருந்தன. நூலகமே அதிர்ந்தது.

பன்றி எந்தப் பக்கம் என்று இக்னேசியஸ் சேர் விசாரிக்கவில்லை. கதிரையில் ஏறி நின்றுவிட்டார்.

“உஸ்ஸ்!” என்று ஓடிவந்த மிஸ், மாயாண்டியின் முகத்தைப் பார்த்ததும் அலறினார்.

“ஐயோ, அட்டை! கன்னத்துல அட்டை! சவுக்காரம் கொண்டாங்க!”

“உப்பு போடுங்க மிஸ், உப்பு!” என்று கதிரைமேல் இருந்து கத்தினார் இக்னேசியஸ் சேர்.

மாயாண்டி கண்ணைத் திறந்து, கன்னத்தைத் தடவி, “எங்க? எங்க?” என்று ஒரு சுற்றுச் சுற்றினார்.

மெரினா எட்டிப் பார்த்தாள். கன்னத்தில் கறுப்பாக ஒரு அட்டை. அதன் கையில் குடை.

“மிஸ், பயப்படாதீங்க. அது என்னோட அட்டை! பேப்பர் மை அவரு கன்னத்துல ஒட்டியிருக்கு!”

கீழே கிடந்த பேப்பரைப் பொறுக்கினாள். படம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். அடியில் ‘மெரினா, தரம் 5’ என்று பளிச்சென்று இருந்தது. போனில் படம் பிடித்தாள். வந்த வேலை முடிந்தது. வாசல்வரை போயும்விட்டாள்.

பின்னால் இக்னேசியஸ் சேரின் குரல் கேட்டது. “இதுக்கு இன்னைக்கே ஒரு முடிவு கட்டுங்க மிஸ். இல்லாட்டி பிரதேச சபைக்கு எழுதிப் போடுவேன்.”

“ஐயா,” என்றார் மிஸ் தயக்கத்தோடு. “இனிமே நீங்க இங்க வராதீங்க.”

மாயாண்டி கம்பளித் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“கெழங்குத் தோட்டத்துல வாச்சர் வேலைங்க மிஸ். ராத்திரி பூரா காட்டுப்பன்னி வெரட்டணும். வேலிக் கம்பியில டின்னு கட்டியிருக்கோம். டின்னு ஆடுனா பன்னின்னு அர்த்தம். பகல்ல லயத்து வீட்டுக் காம்பராவுல படுத்தா, இந்தப் பக்கம் பாட்டு, அந்தப் பக்கம் புள்ள அழுகுது. சத்தம் போட்டா திட்டுற எடம் இந்த ஊருலயே இது ஒண்ணுதாங்க. போயிட்டு வாறேன்.”

மெரினாவுக்குக் கால் நகரவில்லை. திரும்பி வந்தாள்.

“மிஸ், டின்ன ஆட்டுனது நான்தான். மாமா சும்மாதான் தூங்கிக்கிட்டு இருந்தாரு.”

“வாசிச்சிக்கிட்டு இருந்தேன் பாப்பா,” என்றார் மாயாண்டி அவசரமாக.

“சரி, வாசிச்சிக்கிட்டு இருந்தாரு. ஆனா மிஸ், அவரு இன்னைக்குப் பேப்பரத்தான் வாசிக்கணுமா? போன வருசத்துப் பேப்பர் அங்க கட்டுக்கட்டா கெடக்கே. அதுல ஒண்ணக் குடுங்க. அலுமாரிக்குப் பின்னால கதிரையப் போடுங்க. இன்னைக்குப் பேப்பர் சேருக்கு.”

இக்னேசியஸ் சேர் கதிரையிலிருந்து இறங்கினார். “வெளையாட்டுப் பக்கமுமா?”

“முழுசும் ஒங்களுக்குத்தான் சேர்.”

“எனக்குப் போன வருசத்துப் பேப்பர் போதுங்க,” என்றார் மாயாண்டி. “அதையும் நான் இன்னும் வாசிக்கல.”

மிஸ் யோசித்தார். “மறுபடியும் எந்திரிச்சுக் கத்துனா?”

“டின் சத்தம் கேட்டாத்தான் கத்துவாரு மிஸ். நீங்கதான் இங்க யாரையும் சத்தம் போட விடமாட்டீங்களே.”

சற்று முன்பு சவுக்காரம் கேட்டு அலறியது மிஸ்ஸுக்கு நினைவு வந்தது. முகம் சிவந்துவிட்டது. பழைய பேப்பர் கட்டை அவிழ்க்கப் போனார்.

வெளியே ராகலை பஸ் ஹோன் அடித்தது. “மெரினா!” என்று அம்மா கூப்பிட்டதும் கேட்டது. மெரினா பாய்ந்தாள். இந்தத் தடவை ஓடியதற்கு மிஸ் முறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மெரினா கதைப் புத்தகம் எடுக்க வந்தாள். அலுமாரிக்குப் பின்னால் ஒரு புதிய பலகை தொங்கியது. மிஸ்ஸின் உருண்டை உருண்டையான கையெழுத்தில், ‘மெதுவாக வாசிப்போர் பகுதி.’ அதற்குக் கீழே பழைய பேப்பர் ஒன்று விரிந்திருந்தது. அதன் மேல் மாயாண்டி மிக மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார்.

இக்னேசியஸ் சேர் அன்றைய பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை முடித்துவிட்டார். மடித்து வைத்தார். வாயைப் பொத்திக்கொண்டு நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். பிறகு மிஸ்ஸின் மேசைக்குப் போய், யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

“மிஸ், அந்தப் பகுதியில இன்னொரு கதிரை போட எடமிருக்குமா?”